மூன்றாவது பொட்டலம்

ஜெஜு தீவு
பத்தாம் மாதம், தேய்பிறை, 1965

தங்கச்சி இல்சுனுக்கு அக்கா போக்சில் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் இருக்கிறேன்.

என் மகள் எப்படிப் போனாள் என்று கேட்டிருந்தாய். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள உனக்கு யாரும் இல்லை. அதனால் ஒரே தடவை எழுதுகிறேன். மறுபடி கேட்காதே.

எட்டாம் மாதக் கடைசியில் பூனி சந்தைக்குப் போய்ப் புது இரும்பு வாங்கிவந்தாள். பாறையில் ஒட்டிக் கிடக்கிற சிப்பியை நெம்பி எடுக்கிறோமே, அந்த இரும்பு. அதன் கயிற்றை மணிக்கட்டில் சும்மா சுற்றி நுனியை உள்ளங்கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உனக்கு மறந்திருக்காது. சிப்பி இரும்பைக் கவ்விக்கொண்டால் கையைத் திறந்துவிட வேண்டியதுதான். இரும்பு போகும், ஆள் மேலே வருவாள். பூனி முடிச்சுப் போட்டிருந்தாள். புது இரும்பைக் கடலில் விட்டுவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள். கழுத்துப்பாறைக்கு அடியில் பெரிய சிப்பி. மல்ஜா பெரியம்மா கீழே போய்த் தன் இரும்பால் நெம்பி அவளை மேலே கொண்டுவந்தாள். அப்போதும் கையில் இரும்பு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கயிற்றை வெட்டப் பார்த்தார்கள். நான் விடவில்லை. எண்ணெய் தடவி முடிச்சோடு உருவி எடுத்தேன். பத்தொன்பது வயது. அவள் அப்பாவைப் போலவே பெரிய கை.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தது. எல்லோரும் மறுபடி கடலுக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் என்னையே பார்க்கிறது.

அங்கே குளிர் அதிகம் என்பார்கள். தலையைப் போர்த்திக்கொண்டு போ.

அக்கா


ஒசாகா
டிசம்பர் 20, 1965

அக்காவுக்கு,

நீ கும்பிடுகிற சாமியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. சின்னவனுக்குப் பல் விழுந்தது.

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். அங்கே ரப்பர் செருப்புக்கு அடி ஒட்டுகிற வேலை. முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "அழுதுகிட்டே ஒட்டினா பசை நிக்காதும்மா, அழுது முடிச்சிட்டு வா" என்றார். நல்ல மனுஷர்தான். பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

என்னால் வர முடியாது என்பது உனக்கே தெரியும். காகிதம் இல்லாமல் இராத்திரிப் படகில் வந்தவள் நான். ஒரு தடவை இங்கிருந்து கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள். பிள்ளைகள் இங்கே. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

பட்டறையில் இந்த மாதம் உள்ளே பஞ்சு வைத்த ரப்பர் ஷூ போடுகிறோம். உனக்கு ஒரு ஜோடி செய்து தருகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். உன் பாதத்துக்கு ஒரு நூல் வைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பு.

இராத்திரி துணைக்கு யாராவது வந்து படுத்துக்கொள்கிறார்களா? தனியாகப் படுக்காதே.

உன் இல்சுன்


ஜெஜு
இரண்டாம் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், 1966

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவனின் பல்லைக் கூரைமேல் எறிந்தாயா? இங்கே நான் இருக்கிறேன்.

காற்றுத்தாய்க்குப் பூசை நேற்று முடிந்தது. இந்த வருஷம் காற்று குறைவு, அதனால் கடலடியில் நத்தை நிறைய விளையும் என்று சாமியாடி சொன்னார். மல்ஜா பெரியம்மா, "போன வருஷமும் இதையேதான் சொன்னாரு. நத்தை அவரு பேச்சைக் கேக்கலை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அரிசி கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் வாங்கிச் சோறாக்கி, வெள்ளைக் காகிதத்தில் இரண்டு பொட்டலம் கட்டினேன். கடல் ராசாவுக்கு ஒன்று, பூனிக்கு ஒன்று. பாறைமேல் நின்று எறிந்தேன். இரண்டும் நன்றாக முழுகின.

பன்றியை மல்ஜா பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஒருத்திக்கு எதற்குப் பன்றி. பூனியின் துணிகளை எரித்தாயிற்று. வீடு இப்போது சுத்தமாக இருக்கிறது. நீ வந்தால் நம் வீடு என்று சொன்னால்கூட நம்பமாட்டாய்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


ஒசாகா
ஏப்ரல் 2, 1966

அக்கா,

நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். உன் பொட்டலம் எங்கே?

நானும் அந்தத் தண்ணீரில் முழுகி எழுந்தவள்தான். ராசாவுக்கு ஒன்று, கடல் கொண்டுபோனவர்களுக்கு ஒன்று, நம் உடம்புக்கு ஒன்று. மூன்றாவதை எறியும்போது "என்னை இந்த வருஷமும் மேல அனுப்பு" என்று வேண்டிக்கொள்வோம். எனக்குப் பத்து வயதாகும்போது அந்தப் பொட்டலத்தைக் கட்டக் கற்றுக்கொடுத்தது நீ. அரிசி போதவில்லை என்று எழுதாதே. ராசாவுக்கு வைத்ததில் ஒரு பிடி எடுத்திருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பன்றியைக் கொடுத்துவிட்டாய். ஷூவுக்கு அளவு கேட்டேன், நீ அதைப் படித்ததாகவே தெரியவில்லை.

வீடெல்லாம் எரிந்த அந்த வருஷம், பூனியின் அப்பாவைப் பட்டாளத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. நீ பூனியை முதுகில் கட்டிக்கொண்டு என்னைப் படகில் ஏற்றிவிட்டாய். நான் ஏறமாட்டேன், இங்கேயே செத்துப்போகிறேன் என்று அழுதேன். அப்போது என்ன சொன்னாய்? "சாகறதுக்கு யாரும் படகுக் கூலி குடுக்க மாட்டாங்கடி. கூலி குடுத்தாச்சு, ஏறு."

நான் ஏறினேன், அக்கா. பயந்துகொண்டேதான் ஏறினேன்.

உடனே பதில் போடு. இரண்டு வரி போதும்.

இல்சுன்


ஒசாகா
ஏப்ரல் 30, 1966

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் குடைச்சல் இருக்கிறதா? இங்கே மழை.

பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் சந்துக்குள் வருகிற சத்தம் கேட்டாலே கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். உன் கையெழுத்து இல்லாத உறை ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் நிம்மதி. போன பிறகு அதைவிடப் பெரிய பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு பொட்டலம் கட்டினேன். இன்னொருத்தருக்காகக் கட்டலாமா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இங்கே ஆள் இல்லை. துறைமுகத்துக்குப் போய், "போக்சில், வயசு நாப்பத்திரெண்டு, ஜெஜுவில இருக்கா, அவளை மேல அனுப்பு" என்று சொல்லி எறிந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, குப்பை கொட்ட ஊரில வேற எடமே இல்லையா?" என்று கத்தினார். "குப்பை இல்லைங்க, எங்கக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

இந்தத் தண்ணீர் எண்ணெயும் கரியுமாக இருக்கிறது. ஆனாலும் எல்லாம் ஒரே கடல்தானே.

இல்சுன்


ஜெஜு
நான்காம் மாதம், வளர்பிறை, 1966

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பொட்டலம் கட்ட மறந்துவிட்டேன், அவ்வளவுதான். எதையாவது நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாசி அறுப்பு முடிந்தது. வெயில் நன்றாக இருந்ததால் சீக்கிரம் காய்ந்தது. இந்த வருஷம் சோயாச் சாறு ஊறப்போடவில்லை. அது பக்குவமாக ஒரு வருஷம் ஆகும், யார் காத்திருப்பது. ஜாடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பூனியின் இரும்பைத்தான் கடலுக்கு எடுத்துப்போகிறேன். புது இரும்பு, வீணாகக் கூடாது. முடிச்சை அவிழ்க்கவில்லை. அது அவள் போட்டது. என் கைக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

நீ நல்ல தங்கச்சியாக இருந்தாய். பிள்ளைகளை ஆழமான தண்ணீரில் விடாதே. கடிதத்துக்கு வீணாகச் செலவழிக்காதே.

போக்சில்


ஒசாகா
ஜூன் 8, 1966

மல்ஜா பெரியம்மாவுக்கு,

இல்சுன் எழுதுகிறேன். போக்சிலின் தங்கை. நீங்கள்தான் எனக்கு முதன்முதலாகத் தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பெரியப்பா இப்போதும் குடிக்கிறாரா?

பெரியம்மா, அக்கா சாகப்போகிறாள். வீட்டில் சொன்னால், கடிதத்தைப் படித்துவிட்டு இப்படியா சொல்வது என்பார்கள். அவர்கள் கடலுக்குப் போனவர்கள் இல்லை. முடிச்சுப் போட்ட இரும்போடு அக்கா முழுகுகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவளிடம் நேராகக் கேட்காதீர்கள். கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். இரும்பைப் பிடுங்கினால் இன்னொன்று கிடைக்கும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே செருப்புக்கு அடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவள் இருக்கிற தண்ணீரில் இருக்கிறீர்கள்.

உங்கள் காலில் விழுகிறேன்.

இல்சுன்


ஜெஜு
ஐந்தாம் மாதம், பௌர்ணமி கழித்து, 1966

இல்சுனுக்கு மல்ஜா பெரியம்மா சொல்ல, அவள் மருமகள் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மாமனார் இப்போதும் குடிக்கிறார். அதற்கு மேல் பெரியம்மா சொன்ன வார்த்தைகளை நான் எழுதவில்லை.

இனி பெரியம்மா சொல்வது:

உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என்னிடம் பன்றியைக் கொடுத்தபோதே தெரியும். பொட்டலம் இரண்டுதான் என்பதையும் பார்த்தேன். பாறைமேல் வரிசையாக நிற்கும்போது யார் கையில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒருத்தியிடம் "செத்துப்போயிடாதே" என்று எப்படிச் சொல்வது? அதனால் அவள் பிடித்து மிதக்கிற சுரைக்குடுக்கையை எங்கள் குடுக்கைகளுக்கு நடுவில் மிதக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டோம். அவள் உள்ளே போனால் நானும் மேலே இருந்தபடியே மூச்சைப் பிடிப்பேன். என் மூச்சு முட்டுவதற்குள் அவள் வந்துவிடுவாள். மூன்று மாதம் இப்படித்தான் ஓடியது. என்னை மாதிரியே மற்றவர்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பைத்தியக்காரக் கூட்டம்.

போன பௌர்ணமிப் பெருநீர் அன்று, கடல் பொங்கும்போது, நீரோட்டம் எங்களை இழுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், கழுத்துப்பாறைக்கு மேலே அவள் குடுக்கை தனியாக மிதக்கிறது. ஆள் இல்லை. நான் நீந்தினேன். மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். அதனால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பெரிய பயம். பக்கத்தில் போய் முழுகினேன். பாதி வழியில் அவள் எதிரே வந்தாள். தானாகவே வந்தாள், நான் இழுக்கவில்லை.

மேலே வந்தோம். நான் சீழ்க்கையாக மூச்சை ஊதினேன். அவள் ஊதவில்லை. முகம் தண்ணீருக்கு மேலே இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, வாய் மூடியிருக்கிறது. மேலே வந்தும் மூச்சை விடமாட்டேன் என்கிறாள், இல்சுன். நான் அறுபது வருஷமாகக் கடலில் இருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

"ஊதுடி! இவ்ளோ தூரம் வந்துட்டு இங்க என்னடி யோசனை? ஊது!"

ஊதினாள். அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்டுத் தூரத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் குடுக்கையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"இரும்பு எங்கடி?" என்று கேட்டேன்.

"கீழ" என்றாள்.

கரையில் கல்வட்டத்துக்குள் நெருப்பு மூட்டி அவளை நடுவில் உட்காரவைத்தோம். என் கிழங்கு இரண்டையும் தின்றாள். நான் பசியோடு வீடு போனேன்.

கடிதம் முடிந்தது. (மருமகள் எழுதுவது: பன்றி நன்றாக இருக்கிறது. உங்கள் அக்கா அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவோம்.)


ஒசாகா
ஜூலை 20, 1966

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுதுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. பெரியவன் நீச்சல் கற்றுக்கொள்கிறான், நான் கரையிலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

முதலாளி தினமும், "அக்கா கால் அளவு வந்துச்சா?" என்று கேட்கிறார். "அவங்க கால் இன்னும் வளருதுங்க, வளந்து முடியட்டும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இல்சுன்


ஜெஜு
எட்டாம் மாதம், பௌர்ணமி, 1966

தங்கச்சி இல்சுனுக்கு,

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? பெரியவனுக்குக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். கையில் சிப்பி கிழித்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை.

வெகுநாள் எழுதவில்லை. எழுத உட்காருவேன், "தங்கச்சிக்கு" என்று போடுவேன், அதற்கு மேல் கை ஓடாது. இன்று அறுவடைப் பண்டிகை. பூனிக்குச் சோறு படைத்துவிட்டு, அந்த விளக்கு வெளிச்சத்திலேயே எழுதுகிறேன். நீ கேட்கமாட்டேன் என்றாய். அதனால் சொல்கிறேன்.

அன்று கழுத்துப்பாறைக்கு அடியில் போனேன். சிப்பி இருந்தது. இரும்பைக் கொடுத்தேன், கவ்வியது. கயிறு நனைந்து இறுகிவிட்டது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். பயமே இல்லை. கீழே அமைதியாக இருந்தது. அவள் கடைசியாகப் பார்த்தது இந்தப் பாறையைத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனேன். ஏன் என்று கேட்காதே. அவள் போட்ட முடிச்சை ஒரு தடவை உதட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போல. கயிற்றில் ஓரிடம் நைந்து பிசிறாக இருந்தது. கடித்த இடம். வீட்டில் அதை ஆணியில் மாட்டியிருந்தேன், எடுத்துக் கையில் நுழைத்தேன், ஆனால் ஒரு நாளும் அதை உற்றுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அவள் அங்கே சும்மா இருக்கவில்லை, இல்சுன். கடித்திருக்கிறாள். மேலே வரப் பார்த்திருக்கிறாள்.

அவள் மேலே வருவதற்காகக் கடித்த கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டு, நான் கீழே இருக்க வந்திருக்கிறேன். அவள் விட்ட இடத்திலேயே பல்லை வைத்துக் கடித்தேன். நேரமானது. கயிறு அறுந்தது.

மேலே வரும்போதுதான் பயம் வந்தது. எவ்வளவு பயம் என்று எழுத எனக்கு வார்த்தை தெரியாது. மேலே வெளிச்சம் தெரிந்தது. அங்கே போனால் சாயங்காலம் வரும். அவள் கிண்ணம் இருக்கும். ஆணி இருக்கும், ஆணியில் ஒன்றும் இருக்காது. நாளைக்கும் இருக்கும். அதனால்தான் தலை வெளியே வந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்தால் எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். பெரியம்மா அறைந்தாள். இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது. பயந்துகொண்டேதான் திறக்கிறேன். நீ படகில் ஏறியது இப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு நான் கரையில் நின்றுகொண்டு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

துறைமுகத்தில் நீ எறிந்த பொட்டலத்தை நினைத்துக்கொள்கிறேன். ராசாவுக்கு அது கிடைத்ததோ என்னவோ.

அக்கா


ஜெஜு
இரண்டாம் மாதம், பௌர்ணமி, 1967

தங்கச்சி இல்சுனுக்கு அக்கா எழுதுவது. மாப்பிள்ளை, பிள்ளைகள், நல்ல மனுஷரான உன் முதலாளி எல்லோரும் சுகமா? மல்ஜா பெரியம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இன்னும் கடலுக்கு வருகிறாள். சோயாச் சாறு ஊறப்போட்டிருக்கிறேன். ஜாடிகளைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்ததால் ஒரு ஜாடி கடன் வாங்கினேன். என் ஜாடியையே கடனாகக் கொடுத்தார்கள்.

இன்று காற்றுத்தாய்க்குப் பூசை. மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா என் பக்கத்தில் வந்து நின்று, ஊரே கேட்கிற மாதிரி எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது யாருக்குடி?"

"எனக்குத்தான்."

"சத்தமாச் சொல்லு. கடல் ராசாவுக்கு வயசாயிடுச்சு, காது மந்தம்."

"எனக்குத்தான்னு சொன்னேன், பெரியம்மா!"

முதல் இரண்டும் முழுகின. என்னுடையது முழுகவில்லை. மிதந்து மிதந்து அலையோடு திரும்பி என் காலடிக்கே வந்தது. திரும்பி வந்தால் ராசா ஏற்கவில்லை, அந்த வருஷம் ஆபத்து என்று உனக்குத் தெரியும். போன வருஷம் என்றால் சரி என்று திரும்பி நடந்திருப்பேன். இன்றைக்கு நடுங்கினேன், இல்சுன். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்கினேன்.

பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். "பாத்தீங்களாடி? கடலே இவளை வேணாங்குது. இவ வாய்க்குப் பயந்துடுச்சு."

நான் தண்ணீரில் இறங்கிப் பொட்டலத்தை எடுத்தேன். காகிதம் நைந்திருந்தது. தலைத்துண்டில் ஒரு முனை கிழித்து மேலே சுற்றினேன், உள்ளே ஒரு கூழாங்கல் வைத்துக் கட்டினேன். இடுப்பளவு தண்ணீருக்குப் போய், தோள் வலிக்கிற வரைக்கும் வீசினேன். முழுகியது. முழுகிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், மறுபடி வரவில்லை.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு நூல் இருக்கிறது. இடது கால் கொஞ்சம் பெரியது. அளவு அந்தக் காலுக்குத்தான் எடுத்திருக்கிறேன். வருகிற குளிருக்குள் அனுப்பினால் போதும்.

அக்கா